இருமினால் சிறுநீர் கசிகிறதா? லேசருக்கு முன்னால் மூன்று மாதம்

வயிற்றுவலி என்று சொல்லித்தான் பெரும்பாலும் வருவார்கள். கடலூர் முதுநகரில் மீன்கூடை தூக்கும் அக்காவானாலும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் அம்மாவானாலும், கூட வந்த மகள் வெளியே போன பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். “தும்முனா ஒண்ணுக்கு வந்துடுது மேடம்.” இதற்குப் பயந்து நம்மூர் வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

இப்போது கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: “லேசர் வெச்சா சரியாயிடுமாமே?”

இருமும்போது, கனம் தூக்கும்போது வயிற்றில் அழுத்தம் கூடும். பிரசவத்தாலும் மாதவிடாய் நின்ற பிறகும் சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருந்தால் சிறுநீர் கசியும். உடல் எடை, தீராத இருமல், மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசமாகும். பிள்ளை பெற்றவர்கள் பலருக்கும் வருவதுதான். அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

லேசர் யோனியின் உட்சுவரைச் சூடாக்கி, திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகத் தூண்டும். வெட்டு, தையல் இல்லை. சிலர் கசிவு குறைந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பலன் நீடிக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. தீக்காயம், தழும்பு, தாம்பத்திய உறவில் வலி வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. இந்தக் கசிவுக்கு லேசரை ஆய்வுக்காக மட்டுமே செய்யலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் சொன்னது. நகையை அடகு வைத்து இதற்குப் பணம் கட்டாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

முதல் சிகிச்சை பயிற்சிதான். காற்றுப் பிரிவதை அடக்குவது போல உள்ளே இறுக்கிப் பிடித்து, பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. ஒரு தடவைக்கு 8 முறையாவது, தினமும் 3 தடவை, குறைந்தது 3 மாதம். கூடையைத் தலைக்கு ஏற்றும் முன், தும்மல் வரும்போது, அதே தசையை ஒரு நொடி முன்பே இறுக்கப் பழகுங்கள். பலர் தசைக்குப் பதிலாக வயிற்றைத்தான் முக்குகிறார்கள். சரியாகச் செய்கிறோமா என்று மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அப்புறமும் நிற்கவில்லையா? யோனிக்குள் வைத்துத் தாங்கல் கொடுக்கும் பெசரி வளையம் இருக்கிறது, அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அவசரமாக முட்டி, கழிப்பறை போவதற்குள் கசிந்தால் அது வேறு வகை, மருத்துவமும் வேறு. சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே வாருங்கள்.