காலடியில் கிடக்கும் வடபுலக் காடு

2015 செப்டம்பரில் புகைமூட்டம் முற்றி, 25ஆம் தேதி பள்ளிகளை மூடியது சிங்கப்பூரில் பலருக்கும் நினைவிருக்கும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் அப்போது மரங்களோடு மண்ணும் எரிந்தது. நீரில் ஊறி, மக்காமல் கிடந்த இலைதழைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிச்சதுப்பு மண் அது. அதை மனத்தில் வைத்துக்கொண்டால், அலாஸ்காவிலிருந்து கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா வரை வடதுருவத்தைச் சுற்றிப் படர்ந்திருக்கும் ஊசியிலைக் காடு எளிதில் பிடிபடும்.

சிங்கப்பூரின் புக்கித் தீமா காட்டில் விழும் இலையைக் கரையானும் பூஞ்சையும் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். அதனால் வெப்பமண்டலக் காட்டின் கார்பனில் பாதிக்கு மேல் உயிருள்ள மரங்களிலேயே தங்குகிறது. வடக்கே நிலைமை தலைகீழ். மணிக்கட்டுப் பருமனே உள்ள கறுப்பு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றுக்கு நூறு வயது இருக்கலாம்; அவ்வளவு மெதுவான வளர்ச்சி. ஆனால் குளிரில் நுண்ணுயிர்கள் அதைவிட மந்தம். விழுவது மக்குவதைவிடக் கூடுதலாக இருப்பதால், மிச்சம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது. காட்டையும் மரமற்ற துந்திராவையும் சேர்த்து, கோடையிலும் அடிமண் உருகாத வடபுல உறைநிலங்களில் ஏறக்குறைய 1,500 பில்லியன் டன் கார்பன் கிடக்கிறது. காற்று மண்டலத்தில் உள்ளதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு.

இந்த இருப்புக்குக் காவல், தரையில் மெத்தைபோல் படர்ந்த பாசி. கோடையில் அது காய்ந்து, இடையிடையே காற்று நிறைந்து, வெயிலின் சூட்டைக் கீழே இறங்கவிடாது. இலையுதிர் காலத்தில் ஈரம் ஏறி உறைந்துவிடும். பனிக்கட்டி, நீரைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே மண்ணின் சூடு வெளியே போய்விடுகிறது. கோடையில் போர்வை, குளிரில் திறந்த சன்னல். இவ்வளவு நுட்பமான ஏற்பாடு ஒரே தீயில் கெட்டுப்போகும்.

2023இல் கனடாவில் ஏறத்தாழ 15 மில்லியன் ஹெக்டேர் எரிந்தது. கறுப்பு ஸ்புரூஸ் காட்டுத் தீயில் வெளியேறும் கார்பனில் பெரும்பகுதி, பாசியும் அதன் கீழுள்ள மக்காத அடுக்கும் எரிவதால் வருவது. தீ அணைந்தாலும் கதை முடிவதில்லை. போர்வை போய், கரிந்த கறுப்புத் தரை வெயிலை உறிஞ்ச, உறைநிலம் ஆழமாக இளகும். விழித்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள், மண்ணில் நீர் வடிந்திருந்தால் கரியமில வாயுவையும், நீர் தேங்கியிருந்தால் மீத்தேனையும் வெளியிடும். சில இடங்களில் தீ பனிக்கடியில் கனன்று கிடந்து, அடுத்த வசந்தத்தில் மறுபடி தலைதூக்கும்.

இதில் ஒரு முரணும் உண்டு. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும்; அதன்மேல் கறுத்து நிற்கும் ஸ்புரூஸ் காடு பெரும்பகுதியை விழுங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் சூரியன் உயர்ந்தும் பனி உருகாமல் இருக்கும்போது இந்த வேறுபாடு மிகப் பெரிது. நம் ஊரில் மரம் நட்டால் நிழலும் இலைகள் விடும் நீராவியும் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும். அந்தக் கணக்கு அங்கே செல்லாது: திறந்த பனிவெளியில் ஊசியிலை மரம் நடுவது அவ்விடத்தைச் சூடாக்கவும் கூடும். எரிந்த இடத்தில் பனி வெளியே தெரிவதாலும், குளிர்காலத்தில் இலையற்று நிற்கும் பிர்ச், ஆஸ்பென் மரங்கள் முளைப்பதாலும் சில பத்தாண்டுகள் பளிச்சென்று இருக்கும்.

அதற்காக எரியட்டும் என்று விட்டுவிட முடியாது. காடு மறுபடி அடர அடர அந்தப் பளபளப்பு மங்கும். பல்லாயிரம் ஆண்டு சேர்ந்த கார்பனோ மனித ஆயுளுக்குள் மண்ணுக்குத் திரும்பாது. அலாஸ்காவின் யூக்கான் ஃபிளாட்ஸ் வனவிலங்குக் காப்பகத்தில், ஊருக்கு ஆபத்தில்லாத தீயை முன்பு பெரும்பாலும் எரியவிடுவார்கள். 2023இல் அங்கே சுமார் 1.6 மில்லியன் ஏக்கரில், உறைநிலத்துக் கார்பனைக் காப்பதற்காகவே தீயை அணைக்க முடிவெடுத்தார்கள்.