பத்திரத்தை மீறினால் சிறைக்கு அனுப்புவது யார்?

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா துணிப்பைக்குள் மடித்து வைத்த ஒற்றைத் தாளோடு என் ஆபீஸுக்கு வந்தார். அச்சடித்த வாசகம், பெயர், வயது, தேதி மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுக்கும் நன்னடத்தைப் பத்திரத்தை மீறியதாக அவர் மகனுக்குப் பத்திரத்தின் மீதிக் காலம் முழுக்கச் சிறை. கீழே போலீஸ் துணை ஆணையரின் கையெழுத்து.

"ஜட்ஜ் என்ன கேட்டாரும்மா?"

"ஜட்ஜையே நாங்க பாக்கலியே சார்."

நிஜமாகவே பார்க்கவில்லை. 2013, 2014-ல் வந்த அரசாணைகள் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம், அதாவது ஜட்ஜ் அல்லாத அரசு அதிகாரிக்குத் தரும் மாஜிஸ்திரேட் அதிகாரம், கொடுத்திருந்தன. எஃப்.ஐ.ஆர். போடுவது போலீஸ், பத்திரம் எழுதி வாங்குவது போலீஸ், மீறினான் என்று சொல்வதும் போலீஸ். கடைசியில் உள்ளே தள்ளுவதும் அவர்களே என்றால், அந்தப் பையன் தன் பக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வான்?

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்கச் சொல்லும் அரசியலமைப்பின் 50-வது பிரிவு அதில் முக்கியமாகப் பேசப்பட்டது. ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) போன்ற நிர்வாக நடுவர் பத்திரம் வாங்கலாம். அதை மீறியதாகப் புகார் வந்தால் விசாரித்துச் சிறைக்கு அனுப்புவது நீதித்துறை நடுவரின், அதாவது கோர்ட்டில் இருக்கும் மாஜிஸ்திரேட்டின், வேலை என்று தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

சரி, பிரச்சினை தீர்ந்ததா என்றால், எனக்குக் கவலை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 15-வது பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரியைச் சிறப்பு நிர்வாக நடுவராக அரசு நியமிக்கலாம் என்கிறது. மூடிய கதவை இது மறுபடி திறந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பத்திரம் எழுதக் கூப்பிட்டால், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள். என்ன தகவலின் பேரில், எவ்வளவு தொகைக்கு, எத்தனை மாதத்துக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள். பழைய சட்டத்தின் 111, இப்போதைய பி.என்.எஸ்.எஸ்.-ன் 130-வது பிரிவுப்படி அது கட்டாயம். அப்புறம், மீறினான் என்று அழைத்துப் போனால், எந்த கோர்ட் என்று உடனே விசாரியுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸையும் நம் ஊரில் கோர்ட் என்றுதான் சொல்கிறார்கள். உத்தரவில் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் பதவியைப் படித்துப் பாருங்கள். நீதித்துறை நடுவர் என்று இல்லாவிட்டால், அன்றைக்கே ஒரு வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.