கிரானைட்டின் வயது தாதுவின் வயது ஆகிவிடாது

கனிம ஆய்வு அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாதம் எனக்குக் கவலை தருகிறது: 'பக்கத்தில் கிரானைட் இருக்கிறது, அதன் வயது இவ்வளவு, ஆகவே தாது அதிலிருந்துதான் வந்தது.' பக்கத்தில் இருப்பது மட்டுமே சாட்சி ஆகாது. இதை நம்பித் துளை போட்டால் பணமும் போகும், நிலமும் வீணாகக் கெடும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைப் பாருங்கள். வெள்ளீயத்துக்கும் செம்புக்கும் பேர்போன மண். அங்கே சவுத் கிராஃப்டி சுரங்கம் மூடப்பட்டது 1998-இல்தான். போட்மின், கார்ன்மெனெல்லிஸ், லேண்ட்ஸ் எண்ட் என்று மேலே தனித்தனியாகத் தெரியும் கிரானைட்டுகள், பக்கத்து மாவட்டமான டெவனில் உள்ள டார்ட்மூர் வரை, அடியில் ஒரே தொடர். ஆனாலும் அவை ஒரே சமயத்தில் உருவானவை அல்ல. சுமார் 29.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 27.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, தவணை தவணையாகப் பாறைக்குழம்பு ஏறி வந்திருக்கிறது. ஆகவே 'கார்ன்வால் கிரானைட்டின் வயது' என்று யாராவது ஒற்றை எண் சொன்னால், எந்தக் கிரானைட் என்று முதலில் கேளுங்கள்.

அங்கே வெள்ளீய நாளங்கள், அதாவது பாறை வெடிப்புகளில் தாது நிரம்பிய பட்டைகள், பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அவை கிரானைட்டின் காலத்தை ஒட்டியவை. அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காக ஈய, துத்தநாக நாளங்களும் போகின்றன. கார்ன்வால், டெவன் எல்லையிலுள்ள டாமர் பள்ளத்தாக்கில் இந்தக் குறுக்கு நாளங்களின் கனிமங்களுக்குள் சிறைப்பட்ட திரவத்தை, ருபீடியம் ஸ்ட்ரான்சியமாகச் சிதைவதை வைத்து வயது காணும் முறையில் அளந்தபோது கிடைத்த வயது சுமார் 23.6 கோடி ஆண்டுகள். கடைசிக் கிரானைட் வந்தே ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகள் கழித்து! அந்த ஈயத்தைக் கொண்டுவந்தது வண்டல் படுகைகளிலிருந்து வந்த உப்புநீர். ஒரே ஊர், ஒரே கிரானைட், ஆனால் தாதுக்களுக்கு இரண்டு வெவ்வேறு பிறப்பு.

சரி, கிரானைட்டின் வயதைக் காண வழக்கமாகப் பயன்படும் சிர்கான் என்ற கனிமத்தை அளந்துவிட்டால் போதாதா? அதற்குள் யுரேனியம் 238 ஈயமாக மாறுகிறது, அரை ஆயுள், அதாவது பாதி யுரேனியம் மாற ஆகும் காலம், 446.8 கோடி ஆண்டுகள். கடும் வெப்பத்திலும் நல்ல சிர்கான் அந்த ஈயத்தை விடாது. அந்த உறுதியே சிக்கலாகவும் ஆகும். வண்டல் பாறை உருகிப் பிறந்த கிரானைட்டில் பழைய சிர்கான் மணிகள் கரையாமல் கூடவே வந்துவிடும். மணியின் நடுவை அளந்தால் தாய்ப்பாறையின் கதைதான் கிடைக்கும். வெள்ளீயக் கிரானைட்டுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: யுரேனியம் மிகுந்த சிர்கானின் படிகக் கட்டமைப்பு கதிரியக்கத்தால் சிதைந்து, ஈயம் கசிந்து, வயது குறைவாகக் காட்டும். அதனால் மோனசைட் என்ற இன்னொரு கனிமத்தையும் சேர்த்து அளக்கச் சொல்வேன். அதைவிட நல்லது, வெள்ளீயத் தாதுவான கசிட்டரைட்டையே யுரேனியம், ஈயம் முறையில் அளப்பது. மாலிப்டினைட் என்ற மாலிப்டினத் தாது கிடைத்தால் ரீனியம், ஆஸ்மியம் முறை இருக்கிறது.

வேதியியலும் துணைக்கு வரும். ஜப்பானின் ஷுன்சோ இஷிஹாரா 1977-இல் கிரானைட்டுகளை அவற்றிலுள்ள இரும்புக் கனிமத்தை வைத்து மேக்னடைட் வகை, இல்மனைட் வகை என்று பிரித்தார். வெள்ளீயம் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்த சூழலில் உருவான இல்மனைட் வகையோடு சேரும். மேக்னடைட் காந்தத் தன்மை மிக்கது, இல்மனைட் அப்படியல்ல; ஆகவே பாறை எவ்வளவு காந்தமாகும் என்று காட்டும் காந்த ஏற்புத்திறன் கருவி கையில் இருந்தால் களத்திலேயே முதல் தடயம் கிடைத்துவிடும். அப்புறம், ருபீடியம் கூடி, ஸ்ட்ரான்சியம் குறைந்து, நியோபியம், டாண்டலம் விகிதம் 5-க்குக் கீழே இறங்கினால், குழம்பிலிருந்து படிகங்கள் நன்றாகப் பிரிந்து முதிர்ந்த, திரவங்களின் கை பட்ட கிரானைட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் மாதிரி புதிய பாறையாக இருக்க வேண்டும். கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டலில் கிரானைட்டின் கணிசமான பகுதி வெண்களிமண்ணாக மாறிவிட்டது. சோடியமும் கால்சியமும் கரைந்துபோன அந்தப் பாறையை அளந்து குழம்பின் இயல்பைச் சொல்ல முடியாது. மாதிரி எந்த ஆழத்தில், எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று எழுதாத அட்டவணையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.