அதே பாட்டு, வேறு அறை

திரை விலகுகிறது. மேடையில் ஒரு மூதாட்டி வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறாள். வேறு யாருமில்லை. பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், வாத்தியத் துணை இல்லாமல், காலைப் பொழுதைப் புகழ்ந்து பாடிக்கொண்டே வருகிறது. 1943 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் ‘ஓக்லஹோமா!’ இசை நாடகம் இப்படித்தான் தொடங்கியது. திரை தூக்கியதும் ஆட்டக்காரிகளின் கூட்டம் வந்து நிற்கும் என்று பழகியிருந்த, நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் ரசிகர்களுக்கு இது புதிது.

இதை இசைத்தட்டில் எப்படிக் கொடுப்பது? கடைவது தெரியப்போவதில்லை. குரல் தூரத்திலிருந்து வருகிறது என்பதாவது காதுக்குத் தெரிய வேண்டும். சத்தத்தைக் குறைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. அருகிலேயே ஒருவர் மெதுவாகப் பாடினாலும் சத்தம் குறைவுதான், ஆனால் அவர் பக்கத்தில் இருப்பது நமக்குத் தெரிந்துவிடும். காது கவனிப்பது ஒரு விகிதத்தை. பாடுபவரிடமிருந்து நேராக வரும் ஒலி ஒன்று. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும் எதிர்முழக்கம் இன்னொன்று. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் நேரொலி 6 டெசிபல் இறங்குகிறது. எதிர்முழக்கமோ அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பியிருக்கும். ஆகவே பாடுபவர் விலக விலக, அவர் குரலில் அறையின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. ஒலிப்பதிவில் தூரம் என்பது இந்தக் கலவைதான். பாடகரை மைக்கிலிருந்து நாலடி தள்ளி நிற்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மேடையில் நடித்தவர்களையே வைத்து நாடகத்தின் பாடல்களைப் பதிவு செய்து வெளியிடுவதற்கு அங்கே காஸ்ட் ஆல்பம் என்று பெயர். நாடகம் பல வருடம் கழித்துப் புது நடிகர்கள், புது இயக்குநரோடு மறுபடி மேடையேறும்போது புது ஆல்பமும் வரும். ‘ஏற்கனவே ஒன்று இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?’ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்த மறுமேடையேற்றத் தட்டுகள்தான் அதிகம் பிடிக்கும். காரணம் கொஞ்சம் ஆய்வகப் புத்தி. மெட்டு மாறவில்லை, வரிகள் மாறவில்லை. மாறுவது மைக், அறை, தட்டு, வாத்தியங்களின் எண்ணிக்கை. ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்ப்பதுதானே பரிசோதனை?

முதலில் 1943. அப்போது அமெரிக்காவில் ரெக்கார்டிங்கே நின்று போயிருந்தது. இசைக் கலைஞர்கள் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1 முதல் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தார். டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் 1943 செப்டம்பரில் சங்கத்தோடு சமாதானமானது. அதன் போட்டியாளர்களான கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் இறங்கிவர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் டெக்காவின் ஜாக் கேப் ‘ஓக்லஹோமா!’ குழுவை ஸ்டுடியோவுக்கு அழைத்தார். பிரபல பாடகர்களை வைத்து நாலு பாட்டு எடுக்கிற வழக்கத்தை விட்டு, மேடையில் பாடியவர்களையும் மேடையில் வாசித்த வாத்தியக் குழுவையுமே கூப்பிட்டார்.

கிடைத்தது ஆறு தட்டுகள், பன்னிரண்டு பக்கங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். பாட்டு அதற்குள் அடங்கியாக வேண்டும். (நம் ஊரில் எஸ்.ஜி. கிட்டப்பாவின் நாடகப் பாட்டுத் தட்டுகளைக் கேட்டவர்களுக்கு இந்த அவசரம் பழக்கமானதுதான். மேடையில் நேரம் பார்க்காமல் விரிந்த பாட்டு, தட்டில் மூன்று நிமிடத்துக்குள் ஓடி முடியும்.) காந்த நாடா அங்கே ஸ்டுடியோக்களுக்கு வந்திராத காலம். பாட்டு நேராகத் தட்டில் வெட்டப்பட்டது, ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில பாட்டுகள் விடுபட்டன. வில்லன் ஜட் தன் இருண்ட அறையில் தனியாகப் பாடும் பாட்டும் அதில் ஒன்று. 1945-இல் வந்த இரண்டாவது தொகுப்பில் அது சேர்ந்தபோது, பாடியவர் வில்லன் அல்லர், கதாநாயகனாக நடித்த ஆல்ஃபிரட் டிரேக்! ஜட்டின் பாட்டை ஜட்டாக நடிப்பவரே பாடிக் கேட்பதற்கு வேறு ஆல்பங்கள் வரவேண்டியிருந்தது.

1948 ஜூனில் கொலம்பியா எல்.பி. எனும் நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்ததும் கணக்கு மாறியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல். முதல் அங்கம் ஒரு பக்கம், இரண்டாம் அங்கம் மறுபக்கம் என்று நாடகத்தையே தட்டில் மடித்து வைக்கலாம் போலிருந்தது. ஆனால் எல்.பி.யில் ஒரு வில்லங்கம் உண்டு.

தட்டு சுற்றும் வேகம் மாறாது. ஊசிக்கு அடியில் தடம் ஓடும் வேகம் மாறும். வெளி விளிம்பில், மையத்திலிருந்து ஏறத்தாழ 14.6 செ.மீ. தூரத்தில், தடம் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. உள் முனையில், 6 செ.மீ. தூரத்தில், விநாடிக்கு 21 செ.மீ.தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைப் பதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஓர் அலை 0.051 மி.மீ. இடத்தில் சௌகரியமாகப் படுத்துக்கொள்கிறது. உள்ளே அதே அலையை 0.021 மி.மீட்டருக்குள் மடக்க வேண்டும். ஊசி முனையால் அவ்வளவு நெருக்கமான வளைவுக்குள் சரியாக இறங்கி ஏற முடியாது. கீச்சு ஒலிகள் மங்கும், ‘ஸ’கரங்கள் கரகரக்கும்.

இப்போது நாடகத்தை நினைத்துப் பாருங்கள். முதல் அங்கத்தின் கடைசியில் என்ன இருக்கும்? பெரும்பாலும் எல்லாரும் சேர்ந்து உச்சத்தில் பாடும் பாட்டு. தட்டிலோ அது தடத்தின் மிக மோசமான இடத்தில் போய் உட்காருகிறது. உரத்த ஒலிக்கும் கனத்த கீழ்ஸ்தாயிக்கும் தடம் அதிகமாக ஆடும், அதிக இடம் கேட்கும். சத்தம் வேண்டுமா, நேரம் வேண்டுமா என்று தட்டு வெட்டுபவர் பேரம் பேசிக்கொண்டிருப்பார். 1980-களில் குறுந்தகடு வந்து இந்தப் பேரத்துக்கே வேலையில்லாமல் செய்தது. 74 நிமிடம், முதல் விநாடியிலும் கடைசி விநாடியிலும் ஒரே தரம்.

எல்.பி. காலத்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இசையமைப்பாளர் ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் ஹார்ட் இருவரின் ‘பால் ஜோயி’ இசை நாடகம் 1940-இல் மேடையேறி 374 காட்சிகளோடு முடிந்தது. காஸ்ட் ஆல்பம் எதுவும் இல்லை. பத்து வருடம் கழித்து, மேடையில் நாடகமே இல்லாதபோது, கொலம்பியாவின் காடர்ட் லீபர்சன் பாட்டுகளை மட்டும் ஸ்டுடியோவில் பதிவு செய்து எல்.பி.யாக வெளியிட்டார். அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து 1952-இல் நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். இந்த முறை 540 காட்சிகள். தட்டு முந்திக்கொண்டு நாடகத்தைப் பின்னால் இழுத்து வந்த கதை இது.

சரி, அறைக்கு வருவோம். நாடகம் நடக்கும் அரங்கிலேயே ஏன் பதிவு செய்வதில்லை? வாத்தியக் குழு மேடைக்கு முன்னால் பள்ளத்தில், பாடகர் மேடையின் ஆழத்தில் 10 மீட்டர் தள்ளி. டிரம் ஒலி அவர் மைக்கை அடைய ஏறத்தாழ 29 மில்லி விநாடி ஆகும். டிரம்முக்கென்று பக்கத்தில் வைத்த மைக்கில் அது உடனே பதிவாகியிருக்கும். இரண்டையும் கலந்தால் ஒரே அடி இரண்டாகக் கேட்டுக் குழம்பும். தாமதம் இன்னும் சிறிதாக இருந்தால் தொல்லை வேறு மாதிரி. ஒரு குரல் 34 செ.மீ. வித்தியாசத்தில் இரண்டு மைக்குகளில் விழுந்தால் ஒரு மில்லி விநாடி இடைவெளி வரும். அதனால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பல் போன சீப்பு மாதிரி ஆகிவிடும் குரல். இதோடு காலடிச் சத்தம், இருமல், கைதட்டல் வேறு.

அதனால் ஸ்டுடியோ. நியூயார்க்கில் 30-ஆவது தெருவில் கொலம்பியாவுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். உயர்ந்த கூரை, மரத்தளம். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வாசித்ததும் அங்கேதான், ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகக் குழு 1956-இல் பாடியதும் அங்கேதான். சுவர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒலிக்குச் சுமார் 58 மில்லி விநாடி ஆகும். அந்தச் சின்ன இடைவெளியில் சொல் தெளிவாக விழுந்துவிடும், அப்புறம்தான் முழக்கம் வந்து அதைப் போர்த்தும். சின்ன அறையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்து, குரல் டப்பாவுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். முழக்கம் இன்னும் வேண்டுமென்றால் அங்கே அடித்தளத்தில் ஒரு வெற்று கான்கிரீட் அறை இருந்தது. பாட்டை அங்கே ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, அது சுவர்களில் மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்து, மேலே கலப்பார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அதன் காற்று மட்டும் தட்டுகளில் இருக்கிறது.

அதே ஸ்டுடியோவில் 1970 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன் சோண்ட்ஹைம் பாட்டெழுதி இசையமைத்த ‘கம்பெனி’ நாடகம் பதிவானது. நாடகம் தொடங்கி ஒரு வாரம். ஒரு நாள் பதிவுக்கு நடிகருக்கு ஒரு வாரச் சம்பளம் என்பது நடிகர் சங்க விதி, அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்ப்பார்கள். விடியற்காலை நெருங்கும் நேரத்தில் நடிகை எலெய்ன் ஸ்ட்ரிட்ச்சின் பாட்டுக்கு வந்தார்கள். மறுபடி மறுபடி பாடினார், வரவில்லை. குரல்நாண்கள் நாள் முழுக்க விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒன்றோடொன்று மோதியவை, வீங்கிப்போனால் சீராக மூடாது. கடைசியில் வாத்தியத்தை மட்டும் பதிவு செய்துகொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாள் கழித்து வந்து, அந்த நாடாவைக் கேட்டுக்கொண்டே பாடி முடித்தார். டி.ஏ. பென்னிபேக்கர் எடுத்த ஆவணப்படத்தில் இதெல்லாம் அப்படியே இருக்கிறது.

கேட்டுக்கொண்டே பாடுவது சின்ன விஷயம் அல்ல. நாடா இயந்திரத்தில் பதியும் முனை முதலில், ஒலிக்கும் முனை சில சென்டிமீட்டர் தள்ளி. நாடா விநாடிக்கு 38 செ.மீ. ஓடும்போது 4 செ.மீ. இடைவெளி என்றால் பத்தில் ஒரு விநாடி தாமதம். பாடகர் கேட்ட இடம் ஒன்று, அவர் குரல் பதியும் இடம் வேறொன்று. நாடா இயந்திரம் செய்யும் ஆம்பெக்ஸ் நிறுவனப் பொறியாளர்கள் கண்ட தீர்வு எளிமையானது: பழைய தடங்களையும் பதியும் முனை வழியாகவே ஒலிக்கவிடு. ஒரே கோட்டில் கேட்கவும் பதியவும் முடிந்ததும் தாமதம் போயிற்று.

2006-இல் ஜான் டாய்ல் இயக்கிய ‘கம்பெனி’யில் வாத்தியக் குழுவே கிடையாது, நடிகர்களே வாசித்தார்கள். கல்யாணம் ஆகாத நாயகன் பாபியாக ரவூல் எஸ்பார்சா. சுற்றியுள்ளவர்கள் வாத்தியத்தோடு திரிய, அவன் கடைசிப் பாட்டில்தான் பியானோ முன் வந்து உட்காருகிறான். அரங்கில் அந்த ஒரு அசைவிலேயே கதை முடிந்துவிடும். ஆல்பத்தில் என்ன கேட்கும்? ஒரு பியானோ. வாசிப்பவர் யார் என்பது எந்த மைக்கிலும் விழாது.

மறுபடி ‘ஓக்லஹோமா!’. 1943-இல் 28 பேர் வாசித்த இசையை 2019-இல் டேனியல் ஃபிஷ் இயக்கிய வடிவத்தில் ஏழே பேர் வாசித்தார்கள். பாஞ்சோ, மேண்டலின், பெடல் ஸ்டீல் கிட்டார் என்று கிராமத்து விருந்தில் கூடியவர்கள் மாதிரி. முதல் பாட்டுக் குரல் திரைக்குப் பின்னால் இல்லை. டேமன் டானோ கிட்டாரை மீட்டியபடி பார்வையாளர் நடுவிலேயே தொடங்குகிறார். முன்பு பாடுபவர் கடைசி வரிசையை எட்ட வேண்டும். பயிற்சி பெற்ற ஆண் குரல் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழுப்பிக்கொள்ளும். காதுத் துளை எழுந்து அதிர்வதும் அந்தப் பக்கம்தான், வாத்தியங்கள் இளைத்துப்போவதும் அங்கேதான், எனவே குரல் இடுக்கில் புகுந்து வெளியே வந்துவிடும். மைக் வந்தபின் அந்தக் கட்டாயம் இல்லை. பழைய ஆல்பத்தில் முழங்கிய மெட்டு புதியதில் பேச்சு மாதிரி இறங்கிவிடுகிறது.

ஜட்டின் அறைக்குள் நாயகன் நுழையும் காட்சியில் அரங்கின் விளக்குகள் முழுவதும் அணைந்தன. கையில் பிடித்த மைக்கில், உதட்டருகே, இருவரும் கிசுகிசுத்தார்கள். திசை பார்க்கும் மைக்குகள் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஒலியாக எடுத்துக்கொள்ளும். வாய் மிக அருகே வந்தால், முன்பக்கத்துக்கு மட்டும் கூடுதல் பலம் கிடைத்துக் கீழ்ஸ்தாயி வீங்கிவிடும். கிசுகிசுப்பு கனத்து, நம் காதுக்குள்ளேயே ஒருவர் பேசுவதுபோல் ஆகும். அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த இருட்டை ஏற்பாடு செய்துகொடுக்க வேண்டியிருந்தது. ஹெட்போன் போட்டுக் கேட்பவருக்கு நாடகம் முழுவதுமே இருட்டில்தான்.