மின்னிறக்கக் காற்றுவேகமானி

'பிளாஸ்மா அனிமோமீட்டர்' என்ற கருவிக்கு நான் பரிந்துரைக்கும் தமிழ்ப்பெயர் இது.

அனிமோமீட்டர் கிரேக்க வேர் கொண்டது: 'அனிமோஸ்' என்றால் காற்று, 'மெட்ரான்' என்றால் அளவு. இதற்குக் காற்றுவேகமானி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அளவைக் குறிக்கும் 'மானம்' என்பதன் வழி வந்த 'மானி'யை வெப்பமானியிலும் பார்க்கிறோம். ஆகவே இந்தப் பகுதியில் சிக்கலே இல்லை.

சிக்கல் பிளாஸ்மாவில்தான். கிரேக்கத்தில் அதன் பொருள் வார்த்து உருவாக்கியது. அயனியாக்கப்பட்ட வாயுவுக்கு 1928-ல் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர் அந்தப் பெயரைச் சூட்டினார். அயனிமம் என்று தமிழாக்கலாம், ஆனால் அது பொருளின் நிலையைத்தான் சொல்கிறது. இங்கே அளக்கும் வேலையைச் செய்வது மின்னிறக்கம், அதாவது வாயுவின் ஊடாக மின்சாரம் பாய்வது. பாடநூல்களில் வரும் 'மின்னிறக்கக் குழாய்' இதே சொல்தான். 1934-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தை (கால்டெக்) சேர்ந்த லிண்ட்வால் இந்த வகைக் கருவியை விவரித்தபோதும் 'ஒளிர் மின்னிறக்கம்' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்.

கருவி வேலை செய்யும் விதம் அழகானது. இரண்டு மின்வாய்களை மிகச் சிறிய இடைவெளியில் நிறுத்தி, நடுவே ஒளிர் மின்னிறக்கத்தை நிலைநிறுத்துகிறார்கள். குறுக்கே வீசும் காற்று அயனிகளை இடைவெளியிலிருந்து அடித்துக்கொண்டு போகிறது. அப்புறம் அதே அளவு மின்னோட்டம் தொடர வேண்டுமானால் மின்னழுத்தம் கூடியாக வேண்டும். அந்தக் கூடுதலே காற்றின் வேகத்தைச் சொல்லிவிடும். சூடேற்றிய மெல்லிய கம்பியை வைத்து அளக்கும் முறையும் உண்டு. கம்பி எவ்வளவு மெல்லியதானாலும் அது குளிரவும் சூடாகவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மின்னிறக்கத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. நொடிக்குப் பல ஆயிரம் முறை வேகம் மாறும் கொந்தளிப்பை அளக்க இது பெரிய வரம்.

பாடநூல்கள் கொந்தளிப்பைச் 'சுழற்சி ஓட்டம்' என்கின்றன. சுழல்வது அதன் ஒரு பகுதிதான், ஒழுங்கில்லாமல் மாறுவதே அதன் அடிப்படை. எனவே கொந்தளிப்பு என்பதே சரி.

குறைகளும் இல்லாமல் இல்லை. நேர்மின்னோட்டத்தில் மின்வாய்கள் அரித்துத் தேய்வதால் அளவீடு மெல்ல விலகிப் போகும். பிற்காலக் கருவிகள் உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டத்துக்குத் தாவியதற்கு இது முக்கியக் காரணம். காற்றின் அழுத்தமும் ஈரப்பதமும்கூட அளவை மாற்றும்.

மின்பொறி (ஸ்பார்க்) கொண்டு காற்றோட்டத்தைப் படம் பிடிக்கும் முறையை இதனுடன் குழப்பிவிடக் கூடாது. அதில் முதல் பொறி அயனிகளால் ஆன ஒரு தடம் போடும். காற்றோடு நகரும் அந்தத் தடத்திலேயே அடுத்தடுத்த பொறிகளும் பாயும். அதை 'மின்பொறித் தடமறிதல்' எனலாம்.