69க்கும் 70க்கும் நடுவே

அறிவுசார் குறைபாட்டுக்கான மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டுச் சென்னையில் ஒரு குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், உளவியலாளர் எடுக்கும் தாள்களில் ஒன்று வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலாக இருக்கும். வைன்லாந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஊர். அங்கிருந்த பயிற்சிப் பள்ளியில் எட்கர் டால் 1935இல் இதை உருவாக்கினார். அவருக்கு முன்பு அங்கே ஆய்வு செய்த ஹென்றி காடார்டுதான் பாரிஸில் உருவான அறிவுத்திறன் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்.

அந்தச் சோதனை பிறந்தது 1905இல். பள்ளியில் தனிக் கவனம் யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்க ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் 30 பயிற்சிகளைத் தொகுத்தார்கள். 1908இல் அவற்றை வயதுவாரியாக அடுக்கி, ‘மன வயது’ கணக்கிட்டார்கள். பிறவியிலேயே தீர்மானமாகிவிட்ட அளவு இது என்று பினே ஒப்புக்கொள்ளவே இல்லை. பயிற்சியால் கூட்டலாம் என்றார். மன வயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னவர் வில்லியம் ஸ்டெர்ன் (1912). 1916இல் லூயிஸ் டெர்மன் அதை 100ஆல் பெருக்கி ஐ.க்யூ. (நுண்ணறிவு ஈவு) ஆக்கினார்.

டெர்மனின் தாளில் 3 முதல் 10 வயதுவரை ஆண்டுக்கு 6 கேள்விகள். ஒன்றுக்கு 2 மாதம். 8 வயதுக் குழந்தை 6 வயதுக் கேள்விகள் அத்தனைக்கும் சரியாகச் சொல்லி, 7இல் மூன்றும் 8இல் இரண்டும் சொன்னால் 72+6+4, ஆக 82 மாதம். 96ஆல் வகுத்தால் ஐ.க்யூ. 85. பெரியவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது: மன வயது ஒரு கட்டத்தில் நின்றுவிடும், உண்மை வயது ஏறிக்கொண்டே போகும். அதனால் டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வகுத்தலைக் கைவிட்டு, ஒருவர் தன் வயதுக்காரர்களிடையே எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். சராசரி 100, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15. 70க்குக் கீழே சுமார் 2 சதவீதம் பேர். அதாவது எண் உங்களை மட்டும் பொறுத்ததல்ல, யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் பொறுத்தது.

இதை மறந்ததால் என்ன ஆனது? முதல் உலகப்போரில் அமெரிக்கப் படை சுமார் 17 லட்சம் பேரைச் சோதித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தில் விட்டுப்போனதை வரையச் சொன்னார்கள்: வலையில்லாத டென்னிஸ் மைதானம், குழல் இல்லாத கிராமஃபோன். டென்னிஸையே பார்த்திராத குடியேறி என்ன வரைவார்? அமெரிக்காவில் நெடுநாள் இருந்தவர்கள் அதிக மதிப்பெண் எடுத்ததைக் அந்தத் தரவை ஆராய்ந்த உளவியலாளர் கார்ல் பிரிகாமின் சொந்த அட்டவணையே காட்டியது. ஆனாலும் அவர் 1923இல் இன வேறுபாடு என்றே எழுதினார். 1930இல்தான் திரும்பப் பெற்றார். அதற்குள் 1924 குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1927இல், ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. அந்நாட்டில் மொத்தம் 60,000க்கும் மேற்பட்டோருக்கு இந்தக் கதி.

இங்கே புழங்கும் சோதனைகளுக்கும் ஊரும் வருடமும் உண்டு. பினே-காமத் சோதனை தார்வாட் பக்கத்துக் கன்னட, மராத்திக் குழந்தைகளைக் கொண்டு தயாரானது. மாலின் சோதனை 1969, நாக்பூர். பல நாடுகளில் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளி வீதம் சராசரி உயர்ந்திருக்கிறது. எனவே பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் எண் வீங்கும். உதவி தேவைப்படும் குழந்தை ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பப்படும். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளையைத் தமிழில் சோதித்தால் நேரெதிர்.

வைன்லாந்து அளவுகோலில் பழைய வகுத்தல்தான் இன்னும் இருக்கிறது; மன வயதுக்குப் பதில் சமூக வயது, அவ்வளவுதான். நம்மூர்ப் பதிப்பில் 89 அம்சங்கள். பதில் சொல்பவர் பெரும்பாலும் அம்மா. மத்திய அரசின் 2018 வழிகாட்டியில் இந்த எண் 55–69 என்றால் 50 சதவீதக் குறைபாடு; 70–84 என்றால் 25 என்று இருந்தது. 2024இல் அதற்குப் பதிலாகப் புது வழிகாட்டி வந்தது. பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல் 40 சதவீதம். 10 வயதுக் குழந்தையின் சமூக வயது 83 மாதம் என்றால் 69. 84 மாதம் என்றால் 70. ஒரே மாதம்!

தனியாக அக்கம்பக்கம் போய்வருவது, காசு கொடுத்துச் சாமான் வாங்குவது என்றெல்லாம் கேள்விகள் வரும். பெரம்பூர்ச் சந்தில் வளரும் பிள்ளை ஆவின் பாக்கெட் வாங்கிவரும். ஓ.எம்.ஆர். அடுக்குமாடியில் லிஃப்டில்கூடத் தனியே விட மாட்டார்கள். வாய்ப்பே கிடைக்காததைக் குறிக்க டாலின் மூல அளவுகோலில் தனிக் குறியே உண்டு. அவசரத்தில் அது ‘முடியாது’ ஆகிவிடுகிறது. பாசத்தில் ‘எல்லாம் செய்வான் டாக்டர்’ என்று சொல்லும் அம்மாவால் எதிர்ப்பக்கமும் பிசகும்.

நல்ல ஐ.க்யூ. சோதனையிலும் தடுமாற்றம் உண்டு. நம்பகத்தன்மை (மறுபடி சோதித்தாலும் அதே எண் வருமா என்பதன் அளவு, உச்சம் 1) 0.95 என்றால் அளவீட்டுப் பிழை சுமார் 3.4 புள்ளி. இருபக்கமும் அதில் இரு மடங்கு விட்டு, 72 என்று வந்த எண்ணை 65 முதல் 79 வரை என்றே வாசிக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவரை மரண தண்டனையிலிருந்து விலக்க 70ஐக் கறாரான கோடாக வைத்த ஃபுளோரிடாவின் விதியை 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும் இதனால்தான்.

அறிக்கை கைக்கு வந்ததும் சோதனையின் பெயர், ஒப்பீட்டு அட்டவணையின் ஆண்டு, நடத்திய மொழி, பிழை வரம்பு ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித்தரக் கேளுங்கள். உட்சோதனை மதிப்பெண்கள் உள்ள பக்கத்தையும் நகலெடுத்து வையுங்கள். 2018 வழிகாட்டி 5, 10, 18 வயதுகளில் சான்றிதழைப் புதுப்பிக்கச் சொன்னது. மறுபடி சோதிக்கும்போது பழைய எண்ணோடு ஒப்பிட அந்தப் பக்கம்தான் உதவும்.