சின்னப் படகுக்குச் சின்ன டிரிம் டேப் போதும் என்று யார் சொன்னது?

மறுபடியும் அதே வேலை வந்து நிற்கிறது. 18 அடி ஃபைபர் படகு, ஒற்றை அவுட்போர்டு என்ஜின், பின்பலகையில் ஒரு சாண்கூட அகலமில்லாத இரண்டு தகடுகள். இவைதான் டிரிம் டேப்: கீழே இறக்கினால் ஓடும் தண்ணீர் மோதி படகின் பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு தாழும். "டேப் வேலை செய்யவில்லை, மோட்டாரைப் பாருங்கள்" என்று விட்டுப் போயிருக்கிறார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. சுவிட்சை அழுத்தினால் தகடுகள் ஒழுங்காக இறங்கி ஏறுகின்றன. அந்தப் படகின் பின்பக்கத்தைத் தூக்கும் அளவு அவற்றுக்கு இல்லை, அவ்வளவுதான். இனி எல்லாவற்றையும் கழற்றி, பழைய ஓட்டைகளை அடைத்து, பெரியதாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம். இதையே திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

"சின்னப் படகுதானே, சின்னதே போதும். பெரிசாப் போட்டா மூக்கு தண்ணிக்குள்ள குத்திடும்." என்னை அதிகம் எரிச்சலூட்டும் பேச்சு இதுதான். தயவுசெய்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தகட்டின் தூக்குவிசை மூன்று விஷயங்களைப் பொறுத்தது: தகட்டின் பரப்பு, அது இறங்கி நிற்கும் கோணம், படகின் வேகம். இதில் வேகத்தின் பங்கு மிகப் பெரியது. வேகம் பாதியானால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தாலும், விசை ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். சரி, தகடு உங்களுக்கு எப்போது தேவைப்படுகிறது? முழு வேகத்தில் ஓடும்போதா? இல்லை. நின்ற இடத்திலிருந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு பிளேனிங்குக்கு, அதாவது தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும் நிலைக்கு, ஏறத் திணறும்போது. அலை அதிகம் என்று வேகத்தைக் குறைத்து ஓட்டும்போது. நாலு பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது. அதாவது தண்ணீரின் விசை குறைவாக இருக்கும் நேரத்தில்தான். அந்த நேரத்தில் சின்னத் தகட்டால் என்ன செய்ய முடியும்? முழுவதும் கீழே இறக்கினாலும் தண்ணீருக்குக் குறுக்கே தடையாக நிற்குமே தவிர, தூக்காது. என்ஜின் முனகும், எரிபொருள் கரையும், மூக்கு அப்படியே வானத்தைப் பார்க்கும். அகலமான தகடு கொஞ்சமே இறங்கி, அதிகம் இழுக்காமல் அதே வேலையைச் செய்துவிடும்.

மூக்கு குத்திவிடும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. நீங்கள் அழுத்தும் அளவுக்குத்தான் தகடு இறங்கும். முழுக்க மேலே வைத்தால் அது ஒன்றும் செய்யாது. சுவிட்சைச் சின்னதாக ஒரு தட்டு தட்டி, படகு அதற்கேற்ப மாறும்வரை காத்திருந்து, தேவைப்பட்டால் அப்புறம் இன்னொரு தட்டு. ஒரேயடியாக அழுத்திப் பிடிக்கிறவருக்கு எந்த அளவு தகடு போட்டாலும் ஆபத்துதான்.

எங்கள் தொழிலில் பழகிவந்த கணக்கு எளிது: படகு எத்தனை அடி நீளமோ, ஒவ்வொரு தகடும் அத்தனை அங்குல அகலம். 18 அடிப் படகுக்கு இடப்பக்கம் 18, வலப்பக்கம் 18. முன்பின் நீளம் பொதுவாக 9 அங்குலம். அவ்வளவு அகலத்துக்கு இடமில்லை என்றால், இருக்கிற இடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாகப் போட்டு, நீளத்தை 12 அங்குலமாக எடுங்கள். மெதுவாக ஓடும் கனமான படகுகளுக்கும் 12 நல்லது. ஆனால் முதலில் அகலம், அப்புறம்தான் நீளம்.

வாங்குவதற்கு முன்பே பின்பலகையை அளந்துவிடுங்கள். பக்கமும் அடிப்பாகமும் சேரும் விளிம்பிலிருந்து சில அங்குலம் உள்ளே தள்ளித்தான் தகடு தொடங்க வேண்டும். என்ஜினின் நடுக்கோட்டிலிருந்து குறைந்தது 8 அங்குலம் தள்ளி முடிய வேண்டும், இல்லாவிட்டால் புரொப்பெல்லருக்குப் போகும் தண்ணீர் கலங்கும். மீன் காட்டும் கருவியின் சென்சார் குறுக்கே இருந்தால் அதை இடம் மாற்றுங்கள். அதற்காகத் தகட்டை வெட்டிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அப்படியும் கேட்டிருக்கிறார்கள்!

"என்ஜினிலேயே பவர் டிரிம் இருக்கிறதே?" இருக்கட்டும். அது என்ஜினைச் சாய்த்து மூக்கை ஏற்றி இறக்கும். ஒரு பக்கம் சாய்ந்து ஓடும் படகை நிமிர்த்த ஒற்றை என்ஜினின் டிரிமால் முடியாது. என்ஜினில் மாட்டும் இறக்கைத் தகடுக்கும் இதே கதை. ஆழமான வி வடிவ அடிப்பாகம் உள்ள படகு பக்கக் காற்றில் காற்றை நோக்கியே சாயும். அதை நிமிர்த்த இரு பக்கத்தையும் தனித்தனியாக இயக்கும் தகடுகள் வேண்டும். கேஸ் ஸ்பிரிங்கில் (வாயு அடைத்த ஸ்பிரிங்) தானாக வேலை செய்யும் வகை லேசான சிறு படகுகளுக்குப் பரவாயில்லை, வயரிங் வேலையும் மிச்சம். ஆனால் வேண்டிய பக்கத்தை வேண்டியபோது இறக்கும் வசதி அதில் இல்லை. ஹைட்ராலிக்கா, மின்சாரமா என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, உதிரிபாகம் எளிதில் கிடைப்பதை வாங்குங்கள்.

ஆனால் தகடு எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. பேட்டரி, எரிபொருள் டேங்க், நங்கூரம் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் படகு சாயத்தான் செய்யும். முதலில் அவற்றை இடம் மாற்றுங்கள். அடித்தளத்தின் நுரையில் தண்ணீர் ஊறியிருக்கிறதா, புரொப்பெல்லர் சரியான அளவுதானா என்று பாருங்கள்.

ஸ்க்ரூ ஓட்டைகளைப் பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். பல ஃபைபர் படகுகளில் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கிறது. தண்ணீர்மட்டத்துக்குக் கீழே போடும் ஒவ்வொரு ஓட்டையிலும் கடலுக்கான சீலன்டை நிறைத்த பிறகே ஸ்க்ரூவை முறுக்குங்கள். ஒன்றைச் சும்மா விட்டாலும் போதும், உள்ளே ஊறி, என்ஜினைத் தாங்கும் பலகையே உளுத்துப்போகும். உப்புத் தண்ணீரில் ஓடும் படகென்றால் தகட்டில் துத்தநாக ஆனோடு, அதாவது தகட்டுக்குப் பதிலாகத் தானே அரிபடும் துண்டு, வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், அடித்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

இன்னொன்று. இடப்பக்க சுவிட்சை அழுத்தினால் வலப்பக்கத் தகடு இறங்கும். அது வயரிங் தவறில்லை. வலப்பக்கத் தகடு வலப் பின்புறத்தைத் தூக்கும்போது இடப்பக்க மூக்கு தாழும். சுவிட்ச் மூக்கின் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. தப்பு என்று நினைத்து வயரை மாற்றிப் போட்ட படகுகளை நான் திரும்பச் சரிசெய்திருக்கிறேன். அடுத்து ஓட்ட வருபவர் வழக்கமான சுவிட்ச் என்று நம்பித்தானே அழுத்துவார்?

எதிரலையில் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துவது நல்லது, அலையை வெட்டிக்கொண்டு போகும். பின்னாலிருந்து அலை வரும்போது நேர் எதிர்: தகடுகள் முழுக்க மேலே இருக்க வேண்டும். தாழ்ந்த மூக்கு முன்அலையில் புதைந்தால் பின்பக்கம் சுழன்று படகு குறுக்கே திரும்பிவிடும், கவிழவும் கூடும். ரிவர்ஸ் எடுக்கும்போதும், கட்டி நிறுத்தும்போதும் மேலேதான். ஓட்டுமிடத்திலிருந்து தகடு கண்ணுக்குத் தெரியாது, அதனால் நிலைகாட்டியோடு வாங்குங்கள். அது இல்லாத படகென்றால், முகத்துவாரத்துக்குள் நுழையும் முன் இரண்டு சுவிட்சையும் மேல்நோக்கி அழுத்தி, தகடுகள் முழுக்க ஏறும்வரை பிடித்திருங்கள்.